இவாஞ்சலின் மூடச் சொன்ன வழி

இவாஞ்சலினை அமைதியானவள் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். பதினொரு வருஷமாகப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் நான். டீ ஆறியிருந்தால்கூட கேன்டீன் வரை போய்ச் சண்டை போட்டுவிட்டு வருவாள். பள்ளிகொண்டாவில் ஒரு நர்ஸுக்கு மகளாகப் பிறந்து, வேலூரில் கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்து, தொண்ணூற்றெட்டில் எங்கள் ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு வந்தாள். அப்போதெல்லாம் பேரணாம்பட்டில் இருக்கும் எங்கள் தோல் பதனிடும் ஷாப்பின் ஸ்டாக் விவரம் பிளாப்பியில், பஸ் கண்டக்டர் கையில் வரும். பாதி நாள் அது திறக்காது. "பேஜாரு புடிச்ச பிளாப்பி!" என்று கத்துவாள். கத்திவிட்டு சும்மா இருக்கவில்லை. தானாகவே புத்தகம் வாங்கிப் படித்து, கம்பெனியின் நெட்வொர்க் வேலை முழுவதையும் தன் கைக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

இரண்டாயிரத்து ஆறில் ஆம்பூர், பேரணாம்பட்டு, சென்னை ஆபீஸ் மூன்றையும் சேர்த்து வி.பி.என். போட்டார்கள். அது என்ன எழவு என்று நான் கேட்டபோது அவள் இப்படிச் சொன்னாள். நமக்கு நெட் லைன் கொடுக்கிற லைன்காரனுடைய பெரிய லைன் ஒன்றுதான். எல்லா கம்பெனியின் தகவலும் அதில்தான் ஓடும். ஆனால் ஒவ்வொரு கம்பெனிக்கும் அவன் தனி லேபிள் ஒட்டி, தனி வழிப்பட்டியல் வைத்து அனுப்புவான். ஒரே ஹைவேயில் பத்து கம்பெனி லாரி போனாலும் எங்கள் லாரி எங்கள் கேட்டுக்குள் மட்டும்தான் நுழையும்.

ஒரு வியாழக்கிழமை காலை, "ஐயோ கர்த்தாவே!" என்றாள். எங்கள் வழிப்பட்டியலில் எங்களுடையது அல்லாத முகவரி ஒன்று இருந்தது. முதல் நாள் லைன்காரர்கள் ஏதோ மாற்றியிருக்கிறார்கள். அதில் எவனோ எங்களையும் நாட்றம்பள்ளி பக்கத்து கம்பெனி ஒன்றையும் ஒரே பட்டியலில் கலந்துவிட்டான். அவர்கள் எங்களுக்கு நேர் போட்டி. ஒரே ஜெர்மனி பையரிடம்தான் இரண்டு பேரும் ஆர்டர் கேட்டு நிற்கிறோம். அவர்களுடைய விலை ஃபோல்டர் பூட்டுகூட இல்லாமல் எங்கள் திரையில் தெரிந்தது.

"தொறந்து பாக்கலியா?" என்றேன்.

"எனக்கு இன்னாத்துக்குடி? வா, சார்கிட்ட சொல்லலாம். சாட்சிக்கு நீயும் இரு."

லைன்காரர்களைக் கூப்பிட்டு மேனேஜர் வில்சன் கிழிகிழி என்று கிழிக்கப் போகிறார் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம். அந்த மனிதர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"திங்கக்கெழம பையர் வர்றாரு. ஜோடிக்கு இன்னா ரேட் போட்ருக்காங்கன்னு மட்டும் பாரும்மா. பாக்கறது திருட்டா?"

"திருட்டுதான் சார். அதுவும் இல்லாம, அவங்க மெஷின் நமக்குப் பதில் சொல்லுதுன்னா அவங்களுக்கும் இங்க வர வழி தெறந்திருக்கு."

"அப்ப நம்ம பக்கத்த மட்டும் மூடு. அவங்க பக்கம் தெறந்தே இருக்கட்டும்."

"என்னால முடியும் சார். ஆனா செய்ய மாட்டேன். மூடுனா ரெண்டு பக்கமும்தான்."

"ஜோனதனுக்கு வேல இல்ல. ரெண்டு புள்ளைங்கள வெச்சிருக்க. மாட்டேன்னா நாளைலருந்து வராத."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் கணவன் ஜோனதன் வேலை பார்த்த ஷாப் மூடிப்போய், அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த இடத்தில் அடித்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முன்வரிசையில் உட்காருகிற ஆள்!

இவாஞ்சலின் அவர் மேஜையிலிருந்த போனை இழுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, அந்த நாட்றம்பள்ளி கம்பெனியைக் கூப்பிட்டாள். கம்ப்யூட்டர் செக்‌ஷனில் ஒரு பெண் எடுத்தாள். பெயர் பில்கிஸ் என்றாள்.

"ஆம்பூர்லருந்து இவாஞ்சலின் பேசறேன். உங்க ஃபோல்டர் எங்களுக்குத் தெரியுது. எங்களுது உங்களுக்கும் தெரியும். ரெண்டு பேரும் லைன்காரனக் கூப்ட்டு மூடச் சொல்லலாம்."

ஸ்பீக்கரில் அந்தப் பெண் கத்தியே விட்டாள்.

"அல்ஹம்துலில்லாஹ்! நீங்களே கூப்ட்டீங்களா அக்கா? காத்தாலருந்து உங்க ரேட்டப் பாரு, ரேட்டப் பாருன்னு எங்க சார் உயிர வாங்கறாரு. மாட்டேன்னு சொல்ட்டு உக்காந்துனு இருக்கேன்."

வில்சன் பதறிப்போய் போன் பக்கம் குனிந்தார். "பாத்துட்டாங்களா?"

"நான் பாக்க உடல சார். ஆமா, நீங்க யாரு?"

அவர் சட்டென்று போனை விட்டு விலகினார். நான் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் லைன்காரனைப் பிடித்து உலுக்கியதில், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே அந்த முகவரி எங்கள் பட்டியலிலிருந்து போய்விட்டது. அவமானம் தாங்காமல் வில்சன் எங்கள் மேஜைக்கே வந்து நின்றார். கம்பெனிக் கடிதம் எல்லாம் டைப் அடிப்பது நான்தான்.

"சைரா, இவளுக்கு டிஸ்மிஸ் லெட்டர் அடி."

"அடிக்கட்டும் சார்," என்றாள் இவாஞ்சலின், எழுந்திருக்காமலே. "காரணத்த மட்டும் தெளிவா போடச் சொல்லுங்க. நான் ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டப்போறேன்."

நான் நல்ல பிள்ளையாகத் தேதி அடித்தேன். அவள் பெயரை அடித்தேன். பிறகு திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன்.

"காரணம் இன்னா சார் போடணும்?"

கட்டிங் செக்‌ஷன் வரை காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. அவர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், "அப்பறம் சொல்றேன்" என்று போய்விட்டார்.

வருஷம் மூன்றாகிறது. இன்னும் சொல்லவில்லை. இதோ, பக்கத்து நாற்காலியில் இவாஞ்சலின் டீ ஆறிப்போச்சு என்று கத்திக்கொண்டிருக்கிறாள்.