செட் என்ற சொல்லும் யமுனா ரீச்சரும்

ஆங்கிலம் படிப்பிக்கிறவனுக்கு நீட்டு நீட்டுச் சொற்களால் ஒரு கரைச்சலும் இல்லை. மூன்றெழுத்துச் சொற்கள்தான் உயிரை வாங்கும். வகுப்பு நடத்திப் பிழைக்கும் உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

சூரியனை வைத்தவர்

வேலணையில், என் வீட்டு விறாந்தையில், பெரியவர்களுக்குப் பேச்சு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். ஊர்காவற்றுறை மரியதாஸ் அங்கே படிக்க வந்தவர். கடற்றொழிலாளி. மனைவி லண்டனில். பேச்சுப் பரீட்சையில் சித்தியடைந்தால்தான் இவர் அங்கே போய்ச் சேரலாம். ஏற்கெனவே ஒருமுறை கோட்டைவிட்டிருந்தார்.

அன்றைக்கு 'செட்' படிப்பித்தேன். "செட் எண்டால் வைக்கிறது. கோப்பையை மேசையில வைக்கிறது" என்றேன். எல்லோரும் எழுதினார்கள். மரியதாஸ் மட்டும் பேனையை மூடிவிட்டு யோசித்தார்.

"அப்ப சண்செட் எண்டுறாங்களே சேர், சூரியனை ஆர் வைக்கிறது?"

இரண்டு வேர்

யமுனா ரீச்சர் கொழும்பிலிருந்து திரும்பிவந்து பக்கத்து ஊரான சரவணையில் ஆங்கில வகுப்புத் தொடங்கினார். என் விறாந்தையில் கதிரைகள் வெறுமையாகின. மரியதாசும் போய்விட்டார். "அவ நல்லாப் படிப்பிக்கிறாவாம்" என்று என் மனைவியே சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மிச்சப் பேரையாவது பிடித்துவைக்க வேண்டுமே! தடித்த அகராதியோடு மல்லுக்கட்டிவிட்டு வகுப்புக்குப் போனேன். வைப்பது என்ற பொருளில் வரும் செட், பழைய ஆங்கிலச் சொல்; 'இருத்துவது', அதாவது உட்காரவைப்பது, என்பதே அதன் அடிக் கருத்து. சூரியன் போய் இருந்துவிடுவதுதான் சண்செட். தோடும் சங்கிலியும் சேர்ந்த நகைச் செட் வேறு வழியில் வந்தது. லத்தீனில் ஒருவரைப் பின்பற்றும் கூட்டத்தைக் குறித்த சொல், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்து இதே எழுத்துக்களில் குடியேறிவிட்டது. இவ்வளவையும் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, முன்வரிசை நிர்மலாவின் முகத்தைப் பார்த்தேன்.

"ஓம் சேர், யமுனா ரீச்சர் இதைப் போன கிழமை சொன்னவ எண்டு தங்கச்சி சொன்னவள்."

வேலிக்கு வெளியே

சாட்டிக் கடற்கரைப் பக்கம் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, சைக்கிளைச் சரவணைக்குத் திருப்பினேன். யமுனா வீட்டு வேலியோரம் நின்று காதைக் கொடுத்தேன். மரியதாசின் குரல்! என் வகுப்பில் ஒரு வசனம் ஆங்கிலத்தில் பேசாத மனிசன், வலையை எப்படிச் செட் பண்ணினார், காற்று எப்படி மாறியது என்று இலக்கணத்தை மிதித்துக்கொண்டு ஆங்கிலத்தில் முழங்கினார். யமுனா ஒரு பிழையும் திருத்தவில்லை. "பிறகு? பிறகு?" என்று ஆங்கிலத்திலேயே கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு பிழையாவது திருத்தக்கூடாதா?

மெல்ல நழுவப் பார்த்தேன். அதற்குள் யமுனா கண்டுவிட்டார்.

"வெயிலுக்க ஏன் நிக்கிறியள் அண்ணை, உள்ள வந்து இருங்கோவன்."

விளைமீன்

மரியதாஸ் பரீட்சையில் சித்தியடைந்த செய்தி எனக்கு எட்டிய மறுநாள், அவரே என் வாசலில் நின்றார். கையில் பெரிய விளைமீன். கண் கலங்கியிருந்தது. "மனிசியோட கதைச்சனான் சேர். அழுகிறாள், சிரிக்கிறாள்" என்றார். அடித்தளம் போட்டவனை மறக்கவில்லையே என்று மீனுக்குக் கையை நீட்டினேன்.

"இதை யமுனா ரீச்சரிட்டக் குடுத்துவிடுங்கோ சேர், அவ வீட்டில இல்லை."

கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன், ஆனால் அது நல்ல மீன் என்று ஒரு சொல் சொல்ல, எனக்குத் தெரிந்த இரண்டு மொழியிலும் வாய் வரவில்லை.