மருந்துக்குப் பழகின செல்லும் டீக்கடை ஸ்டெல்லாவும்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க, இங்கே மெஷின் சத்தத்தில் தள்ளி உட்கார்ந்தால் ஒன்றும் காதில் விழாது. பாட்டில் கழுவுகிற தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு: கைக்குத்தான் வேலை, காது சும்மா இருக்கும். அடையாறில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் பல வருஷமாகக் கண்ணாடிப் பாட்டில் கழுவுகிறேன். சோப்புத் தண்ணீரில் விரல் வெளுத்துப்போன என் கூட்டாளிகளே, நான் பட்டதில் கொஞ்சம் உங்களுக்கும் சொல்கிறேன்.

மாப்பிள்ளை வீட்டார்

எங்கள் லேபில் மார்பகப் புற்றுநோய் செல்லை வளர்க்கிறார்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதற்கு நடக்கிற உபசாரம் மாப்பிள்ளை வீட்டாருக்குக்கூட நடக்காது. உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்க ஒரு பெட்டி, வேளாவேளைக்கு ரோஸ் நிறத்தில் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டை ஊற்றி வைக்கிற பாட்டில் என் பொறுப்பு. அதில் துளி சோப்பு தங்கினாலும் செல் போய்விடுமாம்.

நஸ்ரீன் என்று ராயப்பேட்டைப் பெண், டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். நான் கழுவி வைத்த ஒவ்வொரு பாட்டிலையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. சிந்தாதிரிப்பேட்டையில் கூவத்தை ஒட்டி இருக்கிறவள் நான், குடிக்கிற சொம்பைக்கூட இத்தனை தடவை அலசினதில்லை என்றேன். அவள் சிரிக்காமல் சொன்னாள்: "நீங்க எங்கேயும் பொழைச்சுக்குவீங்க கஸ்தூரிம்மா, இதுங்க பொழைக்காது."

எங்க தெருக் கொசு

பொம்பளை உடம்பில் ஊறுகிற ஹார்மோன்தான் இந்தச் செல்லுக்குச் சோறு. அந்தச் சோற்றைத் தின்னவிடாமல் தடுக்க ஒரு மருந்து இருக்கிறது. நஸ்ரீன் செல்லுக்குச் சாப்பாடு மாற்றும்போதெல்லாம் அந்த மருந்தையும் கலப்பாள். முதலில் கொத்துக்கொத்தாகச் செத்தது. மாசக்கணக்கில் விடாமல் போட்டதில், தப்பின கொஞ்சம் மட்டும் மெதுவாக எழுந்து உட்கார்ந்து பெருக ஆரம்பித்தது. அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மருந்து தோற்றுப்போனதற்கு இன்னாத்துக்குச் சந்தோஷம் என்று கேட்டேன். சில பேர் உடம்பில் வருஷம் கழித்து இப்படி ஆகிறது, அந்தப் போக்கிரியை இங்கேயே வளர்த்துப் பார்த்தால்தானே அடக்க வழி தெரியும் என்றாள். எங்க தெருக் கொசுவும் இப்படித்தான், முதல் மாசம் கொசுவர்த்திக்கு ஓடும், அப்புறம் பழகிடும் என்றேன். கூடப் படிக்கிற வெங்கட், மயிலாப்பூர்ப் பையன், பாடம் மாதிரி நிதானமாகச் சொன்னான்: "எங்காத்துக் கொசு அந்தச் சுருள் மேலயே உக்காந்துண்டு தூங்கறது."

குளிர் ரூம் விருந்தாளி

கீழே வாசலில் டீக்கடை போட்டிருப்பவள் ஸ்டெல்லா. சாந்தோம்காரி, பூசைக்குத் தவறாதவள், வாய்க்கும் தவறாதவள். மார்பில் வந்த கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தாகிவிட்டது. திரும்ப வராமல் இருக்க, நஸ்ரீன் கலக்கிற அதே வகை மருந்தை மாத்திரையாகத் தினமும் போடுகிறாள். வருஷக்கணக்கில் போட வேண்டும்.

அந்த மாத்திரைக்கு ஒரு குணம், திடீரென்று உடம்பெல்லாம் நெருப்பு அள்ளிக் கொட்டினது போல் ஆகும். அப்போது பால் பொங்கினாலும் பார்க்கமாட்டாள். படியேறி வந்து, செல் சாப்பாடு வைத்திருக்கிற எங்கள் குளிர் ரூமுக்குள் புகுந்துகொள்வாள். ஒருநாள் லேபை நடத்துகிற பெரிய சார் கதவைத் திறந்தார். உள்ளே டீக்கடைக்காரி கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள். அவர் வாயைத் திறக்கும் முன்னே இவள் சொன்னாள்: "அஞ்சு நிமிஷம் சார், நானும் வெளிய வச்சா கெட்டுப்போற சாமான்தான்."

வெங்கட் மறந்தது

ரம்ஜானுக்கு நஸ்ரீன் ஆம்பூரில் பெரியம்மா வீட்டுக்குப் போனாள். செல்லுக்குச் சாப்பாடு மாற்றுகிற வேலை வெங்கட்டுக்கு வந்தது. ரோஸ் தண்ணீரை ஒழுங்காக ஊற்றினான், மருந்தை மட்டும் கலக்க மறந்தான். மருந்து இல்லாமல் செல்லெல்லாம் குதியாட்டம் போட்டிருக்கும், இத்தனை மாசப் பாடும் வீண் என்று, திரும்பி வந்த நஸ்ரீன் முகம் செத்துப்போச்சு.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கதையே வேறு. பாதிக்கு மேல் சுருங்கி மிதக்கிறது. மருந்தோடு வாழப் பழகி, அது இல்லாமல் வாழத் தெரியாமல் போயிருக்கிறது! திரும்பச் செய்து பார்த்தாள், அதே மாதிரிதான் ஆச்சு. பெரிய சார் எல்லோருக்கும் டீ சொன்னார். வெங்கட் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்: "மறந்தது நான்தானே சார், கட்டுரைல என் பேரையும் போட்டுடுங்கோ."

டீக்கடையில் வந்த தீர்ப்பு

அந்த டீயை ஆற்றிக் கொடுத்தவள் ஸ்டெல்லா. காது எனக்கு மட்டுமா இருக்கிறது? கொஞ்ச நாளாக அவள் குளிர் ரூம் பக்கம் வரவில்லையே என்று கீழே போய் விசாரித்தேன். மாத்திரையை நிறுத்திவிட்டாளாம். நிறுத்தினால் அதுங்களே செத்துவிடும் என்று சார் வாயாலேயே சொல்லக் கேட்டாளாம். சூடும் விட்டதாம், புற்றும் விட்டதாம். மேலே ஓடி நஸ்ரீனிடம் சொன்னேன். அவள் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் இறங்கி ஓடினாள்.

கல்லாப் பக்கம் நின்று மூச்சு வாங்க எடுத்துச் சொன்னாள்: சாகிறது நான் மாசக்கணக்கில் மருந்திலேயே ஊற வைத்த போக்கிரி. பாட்டிலில் லட்சக்கணக்கில் வைத்திருந்து, தப்பினதை மட்டும் பொறுக்கி வளர்த்தது. உங்களுக்குக் கட்டியே எடுத்தாச்சு, உள்ளே ஒன்றிரண்டு ஒளிந்திருந்தால் அதற்குச் சோறு கிடைக்காமல் செய்வது அந்த மாத்திரைதான், நிறுத்தினால் அதற்குப் பந்தி போட்ட மாதிரி என்றாள்.

ஸ்டெல்லா வடிகட்டியைக் கீழே வைத்தாள். "அப்போ உன்னுது காலேஜ் போன செல்லு, என்னுது இன்னும் ஸ்கூல் வாசலே மிதிக்காதது. அதானே கண்ணு?"

அன்றைக்கே நானும் கூடப் போய் அவளுடைய டாக்டரம்மாவைப் பார்த்தோம். நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டாள். கேட்காமல் இனி நிறுத்தக் கூடாது, சூடு தாங்காவிட்டால் அதற்கு வேறு வழி இருக்கிறது, வந்து சொல் என்றார் அந்தம்மா.

இத்தனை பேர் இத்தனை வருஷம் ஆராய்ச்சி பண்ணியும் இன்னும் முடிவுக்கு வராத எங்கள் கட்டடத்தில், ஸ்டெல்லா மட்டும் மறுநாள் காலையில் ஒரு முடிவுக்கு வந்து, "இங்கு ஆராய்ச்சி பேசக் கூடாது" என்று கடையில் ஒரு போர்டை மாட்டி, அதன் அடியிலேயே நின்று மாத்திரையை வாயில் போட்டு மடக்கென்று முழுங்கினாள்.