சிவப்புத் தொட்டிக்குப் போன வரிகள்

லேப்டாப் சூடேறினால் அடியிலிருந்து வறுபட்ட தூசியின் வாசனை வரும். நேற்று மகளின் லேப்டாப்பில் வந்தது. புதிதாக ஒரு கணினி மொழி கற்கப்போகிறேன் என்று நான்தான் அதைக் கேட்டு வாங்கியிருந்தேன். இந்த வயதில் இது தேவையா என்று கேட்காதீர்கள், வீட்டில் ஏற்கெனவே கேட்டாகிவிட்டது. திரை முழுக்கச் சிவப்பில் பிழைகள். மூக்கு என்னைப் படப்பைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

படப்பையில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். ஒரகடத்தில் வேலை, சர்க்யூட் போர்டில் பாகம் பொருத்துவது. அதே லைனில் கஸ்தூரி, வல்லக்கோட்டைக்காரி, வாயாடி. ஷிப்ட் முடிந்து என் அறையில் அரட்டையடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் பஸ் பிடிப்பாள். எங்கள் காண்டிராக்ட் முடியப்போகிற சமயம். சோதனைப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள், ஒரு சின்ன புரோகிராம் எழுதி ஓட்டிக் காட்ட வேண்டும் என்றார்கள். தேறாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு சங்கரன்கோவிலுக்குத் திரும்ப வேண்டியதுதான். அங்கே கல்யாணப் பேச்சு தயாராக இருந்தது.

என் பழைய லேப்டாப் சூடு தாங்காமல் அணைந்துவிடும். அதனால் கவிழ்த்த எவர்சில்வர் தட்டின் மேல்தான் அதற்கு ஆசனம். எழுதி ஓட்டினால், எழுதியதைச் சரிபார்த்துக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர் சீறும். அதைக் காணோம், இதை எதிர்பார்த்தேன் என்று ஆங்கிலத்தில் ஏதேதோ. எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். லைனில் பழுதான போர்டு வந்தால் யோசிக்காமல் சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். ஆகவே கம்பைலர் குறை சொன்ன வரியையெல்லாம் அழித்தேன். கடைசியில் ஒரு பிழையும் இல்லை. பெருமை தாங்காமல் கஸ்தூரியைக் கூப்பிட்டு ஓட்டிக் காட்டினேன்.

"இன்னாடி, ஒண்ணுமே வர்ல?" என்றாள்.

எப்படி வரும்? எண்களைக் கூட்டச் சொல்லும் வரியும் விடையைக் காட்டச் சொல்லும் வரியும் தொட்டிக்குப் போய்விட்டனவே. அழுதேவிட்டேன்.

அவளுக்கும் புரோகிராம் தெரியாது. தோள் இடிக்கப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"லைன்ல ரிஜெக்டா வந்துகினே இருந்தா பீசையே தூக்கிப் போட்டுகினு இருப்பியா? உனுக்கு முன்னாடி வேல நடக்குற ஸ்டேஷன்ல இன்னா ஆச்சுன்னு போய்ப் பாக்க மாட்ட?"

அழித்ததையெல்லாம் திரும்ப எழுதினேன். முதல் பிழைக்கும் மேலே போய் இருவரும் வரிவரியாகப் பார்த்தோம். திறந்த அடைப்புக்குறி ஒன்றை நான் மூடவே இல்லை. மூடியதும் அத்தனை புகாரும் அடங்கியது. தேர்வன்றும் திரை சிவந்தது. எதையும் அழிக்காமல் முதலில் மேலே பார்த்தேன். நான் சங்கரன்கோவிலுக்குத் திரும்பவில்லை.

அந்த மாடி அறையை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். நாங்கள் நின்ற இடத்தில் இப்போது இயந்திரக் கைகள் பாகம் பொருத்துகின்றன. கஸ்தூரி இருங்காட்டுக்கோட்டையில் சூப்பர்வைசர், நாலு பேரை அதட்டிக்கொண்டு நன்றாக இருக்கிறாள். கம்பைலர்கூட மரியாதை கற்றுக்கொண்டுவிட்டது, இங்கே இதைப் போடலாமே என்று பதமாகச் சொல்லித் தருகிறது. சௌகரியம்தான், குறை சொல்ல மாட்டேன். பக்கத்தில் ஆள் உட்கார வேண்டிய அவசியம்தான் இல்லாமல் போய்விட்டது.

நேற்று கம்பைலர் சொன்னதைப் படிக்காமல் கஸ்தூரிக்குப் போன் செய்தேன். திரையெல்லாம் சிவப்பு என்று ஆரம்பித்ததுமே, "மேல பாத்தியாடி?" என்றாள்.

அதைக் கேட்கத்தான் கூப்பிட்டேன் என்று சொல்லிவிட்டேன்.