அக்காவுக்குக் காய்ச்சிய கடற்பாசி

பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் எம்.ஃபில். படித்தபோது என் ஆய்வு கடற்பாசியைப் பற்றியது. மண்டபம் கடற்கரைக்குப் போய், காய்ந்த கஞ்சிப்பாசியைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டுவந்தேன். பொடித்துச் சாறு எடுத்து, கத்தரிப்பூ நிறக் கரைசலில் விடுவேன். கரைசல் மெல்ல வெளிறி மஞ்சளாகும். செல்களைக் கெடுக்கும் மூலக்கூறுகளைப் பாசியின் சத்து அடக்குகிறது என்பதற்கு அது அடையாளம். ஊருக்குப் போகும்போதெல்லாம் அக்காவிடம் அந்த மஞ்சளைப் பற்றித்தான் பேசுவேன்.

அக்காவை விக்கிரமங்கலத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. அந்த வருஷம் அவளுக்குத் தொண்டையில் புற்று என்று தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கரண்டு வைக்க, அதாவது கதிர்வீச்சு சிகிச்சை கொடுக்க, ஆரம்பித்தார்கள். பார்க்கப் போன என்னை அக்காவின் கணவர் வராந்தாவிலேயே நிறுத்தினார்.

"நீ ஆராயுற பாசி புத்துக்கு நல்லதுன்னு பேப்பர்ல போட்டுருக்காம். அந்தச் சாறக் கொஞ்சம் கொண்டாந்து குடேம்மா."

"அது கண்ணாடிக் குழாய்ல நடக்கிறதுங்க மாமா. மனுச ஒடம்புல என்ன செய்யும்னு இன்னும் யாருக்கும் தெரியாது."

"ஒங்கூடப் பொறந்தவ சாவக் கெடக்குறா. யாருக்கும் தெரியாதுங்கிறியே!"

அவர் மனம் ஆறட்டும் என்று டாக்டரிடமே கேட்டேன். "கரண்டு வைக்கிறப்ப இந்த மாதிரி சாறு வேணாம்மா. சிகிச்சையவே கெடுத்தாலும் கெடுத்துடும். சாதாரண சாப்பாடு, அவங்களால முழுங்க முடிஞ்சதைக் குடுங்க" என்றார். அதை நான் வந்து சொன்னதிலிருந்து மாமா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

வாயெல்லாம் வெந்துபோய் அக்காவுக்குக் கஞ்சிகூட இறங்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் தன் மகளுக்குத் துணையிருந்த ஒரு பாய் வீட்டு அம்மாள், "கடப்பாசி காய்ச்சிக் குடு தாயி. நோம்புக்கு நாங்க செய்வோம். வழுக்கிட்டு எறங்கிடும்" என்றார். மளிகைக் கடையில் வெள்ளை நாராக விற்கும் கடற்பாசியை வாங்கி, பாலும் சர்க்கரையும் விட்டுக் காய்ச்சி, ஆறவைத்து ஊட்டினேன். அக்கா கண்ணை மூடி விழுங்கினாள்.

"ஒம் பாசி நல்லாத்தான்டி இருக்கு" என்றாள். குரல் காற்றாகத்தான் வந்தது. "இதுல எனக்குச் சரியாப் போயிடுமாடி?"

நான் அடுத்த கரண்டியை எடுத்தேன். அவளும் மறுபடி கேட்கவில்லை.

சில நாளில் அதுவும் இறங்காமல் போயிற்று. அறுவடை சமயத்தில் அக்கா செத்துப்போனாள்.

காரியத்தன்று சாப்பிட உட்கார்ந்த சொந்தக்காரர்களிடம் மாமா, "மருந்து இவ கையிலயே இருந்துச்சு. குடுக்க மாட்டேன்னுட்டா" என்றார். யாரும் என்னை ஏன் என்று கேட்கவில்லை. அம்மா மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு இலைப் பக்கம் குனிந்துகொண்டாள். டாக்டர் சொன்னதையெல்லாம் அந்தப் பந்தியில் எப்படி எடுத்துச் சொல்வது?

எழுந்து கை கழுவிவிட்டு, அரியலூர் பஸ்ஸுக்கு நடந்தேன். மறுநாள் ஆய்வகத்தில் குழாய்களை வரிசையாக வைத்து வேலையைத் தொடர்ந்தேன். முடிவுகள் நன்றாக வந்தன. அதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை.