எட்டு டஜனும் நாலு குச்சியும்

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும், பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்று படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசையின் வாடை விரல்களை விட்டுப் போகாமலேயே, பதினோரு வயதில், அச்சங்குளம் பக்கம் எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்புச் சிறு பிள்ளைகளோடு போய் உட்கார்ந்தேன். இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. அதற்கு முன் இரண்டு வருஷம் பள்ளிக்குப் போகாமல், வீட்டில் அம்மாவோடு தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். வீடு வீடாக வந்து பிள்ளைகளைத் தேடிய டீச்சர்தான் என்னைக் கூட்டிப் போனார்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் "வெடி ஆபீஸ்" என்று நாங்கள் சொல்லும் பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அப்பாவுக்கு அரை மனசுதான். "ஒரு மாசம் பாப்பம். தேறமாட்டான்னு டீச்சர் சொல்லிட்டா, மறுநா எங்கூட வேன்ல ஏறிரணும்" என்றார். ஆலைக்கு ஆள் ஏற்றிப் போகும் அந்த வேனில் எனக்கு ஓர் இடமும் சொல்லி வைத்துவிட்டார்.

அந்த மாதத்தின் கடைசி வாரம், டீச்சர் மருந்து முக்காத "வெள்ளைக் குச்சி"களைத் தரையில் கொட்டி, ரப்பர் பேண்டுகளையும் போட்டு, நூறு குச்சி எண்ணிக் கட்டுக் கட்டாக அடுக்கச் சொன்னார். மற்றப் பிள்ளைகள் பாடத்தில் படித்த மாதிரியே பத்துப் பத்தாகக் கட்டினார்கள். நானோ கட்டைவிரலால் மற்ற நாலு விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு, வீட்டில் பெட்டி எண்ணுகிற பழக்கத்தில் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கட்டினேன். பன்னிரண்டு கட்டு முடிந்த பிறகுதான் கை நின்றது.

பக்கத்தில் இருந்த செல்வி என்ற எட்டு வயதுப் பெண் எட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினாள். "டீச்சர், இந்த அண்ணனுக்கு மீசையே மொளைக்கப் போகுது, நூறு தெரியல!"

வகுப்பே சிரித்தது. டீச்சர் வந்து குனிந்து, "இது எவ்வளவுப்பா?" என்றார்.

"ஒரு குரோஸ், டீச்சர்."

பன்னிரண்டு டஜன் சேர்ந்தால் ஒரு "குரோஸ்". ஒட்டிய பெட்டியை அந்தக் கணக்கில்தான் வாங்கிப் போவார்கள்.

"நான் கேட்டது நூறுல்ல?"

காது சுட்டது. வேனின் அந்த இடம்தான் கண் முன்னால் நின்றது. அப்போது, ஒட்டுவதற்கு வரும் லேபிள் நூறு நூறாக வரும் என்பது ஞாபகம் வந்தது. ஒரு கட்டு லேபிள் தீரும்போது எட்டு டஜன் பெட்டியும் மேலே நாலு பெட்டியும் ஒட்டியிருப்போம். வாய் திறக்கக் கூச்சமாக இருந்ததால், எட்டுக் கட்டை டீச்சர் பக்கம் தள்ளி, இன்னொரு கட்டைப் பிரித்து நாலு குச்சியை எடுத்து அதன்மேல் வைத்தேன்.

டீச்சர் செல்வியை எண்ணச் சொன்னார். அவள் அந்த எட்டுக் கட்டையும் பிரித்து, நாலு குச்சியையும் சேர்த்து, உதடு அசைய எண்ணிப் பத்துப் பத்தாகக் கட்டினாள். சரியாகப் பத்துக் கட்டு. ஒரு குச்சி மிஞ்சவில்லை.

"சரியாத்தான் இருக்கு, டீச்சர்" என்றாள், முகத்தைச் சுருக்கிக்கொண்டு.

அன்று சாயங்காலம், நானும் பக்கத்தில் நிற்க, சாத்தூர் பஸ்ஸுக்கு நின்ற டீச்சரிடம், வேனை விட்டு இறங்கிய அப்பாவே போய்க் கேட்டார். "பய தேறுவானா டீச்சர்?"

"தேறுறதா? வர்ற வாரம் நாலாப்புல உக்கார வைக்கப் போறேன்."

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு டிரைவர் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, அந்த எடத்த வேற யாருக்காச்சும் குடுத்துருங்க. இவன் வரல."

ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்க வாய்க்கவில்லை. வளர்ந்தபின் நானும் வெடி ஆபீஸில் லோடு ஏற்றும் வேலைக்கு வந்துவிட்டேன். இப்போது எங்கள் தெருவில் யாரும் பெட்டி ஒட்டுவதில்லை. அட்டைப் பெட்டி மெஷினிலிருந்தே வந்துவிடுகிறது. வேனில் பெரியவர்கள் மட்டும்தான் ஏறுகிறோம். காலை ஆறு மணிக்கு ஹாரன் அடிக்கும்போது, மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் புரண்டு படுத்து மறுபடி தூங்குகிறாள். நான் சத்தம் காட்டாமல் கதவைச் சாத்திவிட்டு வருகிறேன்.

ஆடி ஏழு, செவ்வாய்க்கிழமை.