குளிர் அறையில் ஒரு போத்தல்

ஓர் ஊறுகாய்ப் போத்தல். வாயில் வேட்டித்துணி கட்டி, உள்ளே செம்பனை ஓலைத் துண்டு, அதில் தொங்கும் நாலைந்து சிறு பைகள். எண்பதுகளில் புக்கிட் பெலிம்பிங் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டமொன்றின் ஆபீஸில் நான் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தபோது, மரங்களை மேற்பார்த்த கண்டக்டர் ஐயா வைத்திருந்த பைப்புழுக்கள் அவை. ஒவ்வொரு பையிலும் தாய்ப்புழு இட்ட முட்டைகள் இருக்கும். பொரித்த சில நாள்களுக்குள் மருந்து அடித்தால்தான் உண்டு. புழு பெருத்துவிட்டால் ஓலை மிஞ்சாது. போத்தலில் பொரிக்கும் நாள்தான் மரத்திலும் என்பது அவர் கணக்கு. அது தவறினால் அவர் வேலை போகும், தோட்டத்து வீடும் போகும்.

போத்தல் வராந்தாவில்தான் இருந்தது. எறும்பு மொய்த்தது. பெரிய கெட்டிக்காரி நான், பத்திரமாக இருக்கட்டுமென்று மானேஜர் அறைக்குள் கொண்டுபோய் வைத்தேன். ஏர்கண்டிஷன் இருந்த ஒரே அறை அது. கண்டக்டர் ஐயாவும் நல்லதுதான் என்றார். மானேஜருக்கும் பிடித்துப்போயிற்று, தினமும் குனிந்து பார்ப்பார்.

அந்த வருடம் மழையே இல்லை. ஒரு காலை கண்டக்டர் ஐயா ஓர் ஓலையை என் மேசையில் வைத்தார். மிளகைவிடச் சிறிய புழுக்கள் ஊர்ந்தன. போத்தலில் ஒன்றுகூட வெளிவரவில்லை.

"வெளிய வெயிலு கொளுத்துது, உள்ள குளிருது. முட்டைக்கு ரெண்டும் ஒண்ணா, தங்கச்சி?" என்றார். ஒரு வார்த்தை திட்டவில்லை.

இருவருமாக மானேஜரிடம் போனோம். எங்கோ ஒரு மரத்தில் முந்திப் பொரித்திருக்கும், கண்ணெதிரே இருக்கும் போத்தலை விட்டு அதை நம்புவதா என்றார். மருந்து ஸ்டோர் சாவி அவரிடம். போத்தலை வெயிலில் எடுத்துவைக்கவும் விடவில்லை. அதன்பிறகு கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டிருப்பதே எங்கள் வேலையாயிற்று. முட்டைகள் சாவகாசமாகக் கிடந்தன. வெளியே ஓலைகள் பொத்தலாகிக்கொண்டிருந்தன.

ஒருவழியாகப் போத்தலிலும் பொரித்தது, மருந்து அடித்தார்கள். அதற்குள் பெருத்திருந்த மரத்துப் புழுக்கள் மருந்துக்குச் சாகவில்லை. செம்பனைகள் தீய்ந்தாற்போல் நின்றன. பொரிக்கும் நாளைத் தவறாகச் சொன்னார் என்று கண்டக்டர் ஐயாவுக்குக் கடிதம் போனது. அதைத் தட்டச்சு செய்தவள் நான். வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது கடைசி வரி. போத்தலை உள்ளே வைத்தது நான்தான் என்று மானேஜரிடம் சொல்லிப் பார்த்தேன். தட்டச்சை முடி என்றார்.

சாமான்களை லோரியில் ஏற்றிவிட்டுக் கண்டக்டர் ஐயா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"எறும்பே தின்னுட்டுப் போயிருக்கலாம்லா."

போத்தலை நான் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். இன்றும் என் வீட்டு வராந்தாவில், வெயில் படும் இடத்தில் இருக்கிறது. எறும்பு வந்தால் விரட்டுவதில்லை.