ஹில்டா அத்தைக்கு ஒரு தட்டு கோதுமை

பொலிக்சேனி பதினோரு வருடமாக நகராட்சி மழலைப் பள்ளியில் பருப்பு சூப் வைக்கிறாள். பதினோரு வருடமும் எட்டெட்டு மாத ஒப்பந்தம்தான். வேலையை நிரந்தரமாக்க ஒருநாள் மதிப்பெண் பட்டியல் ஒன்று வந்தது. சூப்பின் ருசிக்கு அதில் மதிப்பெண் இல்லை. ஆங்கிலச் சான்றிதழுக்கு இருந்தது. கிரேக்க நாட்டின் தெசலியில் மூன்று வயதுக் குழந்தைக்குப் பருப்பு வேகவைக்க ஆங்கிலம் இல்லாமல் எப்படி முடியும்?

ஆகவே நாற்பத்தேழு வயதில் அவள் லெமோனியா டீச்சரின் ட்யூஷனுக்குப் போய், பத்து வயதுப் பிள்ளைகளுக்குச் செய்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் எவ்லம்பியா. அதே பள்ளியைப் பெருக்கித் துடைப்பவள். பொலிக்சேனியின் மகளுக்கு ஞானத்தாய். அவளுக்கும் நிரந்தரமாக வேண்டும்.

பாடப் புத்தகத்தில் ஆயிரத்து இருநூறு சொற்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம், ஓர் உதாரண வாக்கியம். கமா உட்பட அப்படியே விழுங்க வேண்டும்.

"எங்க வீட்டுல நடந்ததை வச்சு நானே வாக்கியம் எழுதட்டுமா டீச்சர்?" என்றாள் பொலிக்சேனி.

"வேணாங்க. சொந்தமா எழுதினா தப்பும் சொந்தமா வரும்."

பொலிக்சேனி சூப்பைக் கிளறியபடி ஒப்பித்தாள். தயங்குதல்: ஒன்றைச் செய்ய மனமில்லாதிருத்தல். ஹில்டா அத்தை தன் வீட்டை விட்டுப் போகத் தயங்கினாள். பிடிவாதம்: பிறர் சொல் கேளாமை. ஹில்டா அத்தை பிடிவாதமாக ஒழுகும் கூரையின் கீழேயே இருந்தாள். ஆறு மாதத்தில், தன் நாத்தனாரைப் பற்றித் தெரிந்ததைவிட அந்தப் புத்தகத்து ஹில்டாவைப் பற்றி அவளுக்கு அதிகம் தெரிந்தது. குளிர்ந்த ஆற்றில் நீந்தும் பெர்கின்ஸ் என்ற ஒரு கிழவரையும் தெரியும்.

வாய்மொழித் தேர்வில் இருவரையும் ஜோடியாக உட்கார வைத்தார்கள். நகரத்தில் வாழ்வது நல்லதா, கிராமத்தில் வாழ்வது நல்லதா என்று தங்களுக்குள் பேசச் சொன்னாள் தேர்வு நடத்திய ஆங்கிலேயப் பெண். பொலிக்சேனியின் தலைக்குள் பதினோரு வருட சூப் மட்டும் கொதித்தது. பிறகு வாய் தானாகத் திறந்தது.

"ஹில்டா அத்தை தன் வீட்டை விட்டுப் போகத் தயங்கினாள்."

எவ்லம்பியா கண் சிமிட்டாமல் தொடர்ந்தாள். "ஹில்டா அத்தை பிடிவாதமாக ஒழுகும் கூரையின் கீழேயே இருந்தாள்."

அங்கிருந்து கூரை, ஈரச் சுவர், கவனிப்பாரற்ற தோட்டம், கடிதம் போடாத மருமகன் என்று நான்கு நிமிடம் ஒரு பிழையும் இல்லாமல் போனது. அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள்.

"ஹில்டா உங்கள் உறவினரா?"

இந்தக் கேள்வி புத்தகத்தில் இல்லை. இல்லை என்றால் குட்டு உடையும். ஆம் என்றால் இன்னும் கேட்பாள். பொலிக்சேனி தன் வாழ்நாளின் முதல் சொந்த ஆங்கில வாக்கியத்தைச் சொன்னாள்.

"ஆம். இறந்துவிட்டாள்."

எவ்லம்பியா அனிச்சையாக மூன்று முறை சிலுவை போட்டுக்கொண்டாள். ஆங்கிலேயப் பெண் கண் கலங்கி, ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்தாள்.

இருவரும் தேறினார்கள், நிரந்தரமும் ஆனார்கள். சூப் எப்போதும் போலவே இருந்தது.

ஆனால் பொலிக்சேனிக்கு மனசு உறுத்தியது. வேலைக்காக ஒருத்தியைச் சாகடித்தாயிற்று, சும்மா விடலாமா? இறந்தவர்களுக்காகக் கோயிலில் வேண்டிக்கொள்ளும் சனிக்கிழமை வந்தபோது, வழக்கப்படி கோதுமையை வேகவைத்து, சர்க்கரையும் மாதுளையும் தூவி, கோயிலுக்கு எடுத்துப் போனாள். பாதிரியார் படிக்க வேண்டிய பெயர்ச்சீட்டில் அப்பா, அம்மா, மாமியாருக்குக் கீழே ஒரு வரி சேர்த்தாள்.

பாதிரியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "ஹில்டாவா? இது யாரும்மா?"

"தூரத்து உறவு சாமி. இங்கிலாந்துல."

"எப்படிப் போய்ச் சேர்ந்தாங்க?"

"திடீர்னுதான்."

அவர் பெயரைச் சத்தமாகப் படித்தார். பின்வரிசையிலிருந்து எவ்லம்பியா அவள் விலாவில் இடித்தாள்.

"அந்த பெர்கின்ஸ் பேரையும் எழுதிருடி. அந்த வயசுல, அந்தத் தண்ணியில, எத்தனை நாளைக்கு?"